நம்ம வீட்டு எறும்புத்தின்னி

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் கண் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. தட்டு காலி. மேலே கவிழ்த்து மூடியிருந்த கண்ணாடிப் பெட்டி மட்டும் ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது, சட்டி மூடியைத் தள்ளி வைப்பது போல.

எலி, பல்லி, காற்று என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. எலி கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வைக்காது.

"என்னங்க, மேல இருந்தது எங்க?"

கணவன் சோபாவில் காலை நீட்டிக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எது?" என்றான். எது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கும்போது அவன் குரல் கொஞ்சம் மெலிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகிய குரல் அது.

"எறும்புத்தின்னி."

"ஓ, அதுவா! முதலாளி வந்திருந்தாரு. புதுக் கிளைக்கு இடம் பார்த்துட்டு இந்தப் பக்கமா வந்தவரு, வாசலோட போறேன்னாரு, நான்தான் விடலை. உள்ள வந்து உக்காந்தாரோ இல்லையோ, கண்ணு அதைவிட்டு நகரலை. ஒரே காகிதமா, ஒரே காகிதமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. உன்னை எப்படிப் புகழ்ந்தாரு தெரியுமா?"

"சரி, இப்ப அது எங்க?"

"அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"எங்கன்னு கேட்டேன்."

"எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்மா. அவரு வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான், நம்ம வீட்டுப் பொருள் உங்க கடையில இருந்தா எங்களுக்குப் பெருமைன்னு..."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். கத்தவில்லை.  சமையலறை வாசலில் நின்றிருந்த மாமனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தண்ணீர் டம்ளரோடு தன் அறைக்குள் போய்விட்டார்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, அங்கே அவளுக்கு மூச்சக்கா என்றே பெயராகிவிட்டது. வலியில் முனகுகிறவர்களின் தோளைத் திருப்பி, முட்டியை நிமிர்த்தி, அசையாமல் இருக்கக் கெஞ்சி, கனமான ஈயக் கவசத்தைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி வீட்டுக்கு வந்தால், அவளுக்கென்று இருந்தது காகிதம் மடிப்பது ஒன்றுதான்.

கப்பலும் கொக்கும் இல்லை. அதெல்லாம் கை பழகும் பிள்ளைகள் மடிப்பது. அவள் மடித்தது செதிலும் நகமும் மூக்கும் வாலும் உள்ள எறும்புத்தின்னி. ஒரே சதுரக் காகிதம். கத்தரி படக் கூடாது, வேறு துண்டு சேர்க்கக் கூடாது. அதற்கான காகிதமும் கடையில் கிடைக்காது. மெல்லிய தாள் இரண்டைக் கண்ணாடி மேல் பரப்பி, நடுவில் பசை தடவி, குமிழ் வராமல் தேய்த்து, காய்ந்தபின் தோலுரிப்பது போல உரித்து எடுக்க வேண்டும். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் தந்த நிறம். பிறகு பாதியாக, பாதியில் பாதியாக, சாப்பாட்டு மேஜையை மறைக்கிற அந்தத் தாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாகக் கட்டங்கள் ஆகும்வரை கோடு போட வேண்டும். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் கடைசியில் வால் கோணிக்கொள்ளும்.

வரைபடம் அவளே போட்டது. முதல் முயற்சியில் செதில் வந்தது, கால் வரவில்லை. அடுத்ததில் கால் வந்தது, வயிறு தொப்பையாகிவிட்டது. அதற்கடுத்ததைக் கழுத்துக்கு வரும்போது இடுக்கி கிழித்துவிட்டது. குளிர்காலம் முழுக்க இப்படிப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செதில்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, முதுகு வளைந்து, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அது நின்றது. அன்றைக்கு அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "அன்னாசிப்பழத்துக்கு வால் முளைச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். கணவன் நாலாபக்கமும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். 'எங்க வீட்டுக் கைவண்ணம்' என்று எழுதி அனுப்பினான். அப்போதே அவளுக்கு எங்கேயோ சுருக்கென்று இருந்தது. சந்தோஷத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நகரத்து மண்டபத்தில் காகிதம் மடிப்பவர்கள் வருஷா வருஷம் கண்காட்சி வைப்பார்கள். இந்தத் தடவை அவளுக்கு ஒரு மேஜை ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த வாரக் கடைசியில்.

"கண்காட்சி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்றாள் இப்போது.

"தெரியும். அதுக்கு வேற ஒண்ணு மடிச்சுக்கலாமே? நீதான் எப்பப் பார்த்தாலும் மடிச்சுக்கிட்டே இருக்கே."

"அவரு கேட்டா, இல்லைன்னு சொல்ல வாய் வராதா?"

"முதலாளிகிட்ட எப்படிம்மா இல்லைன்னு சொல்றது? புதுக் கிளைக்கு யாரைப் போடலாம்னு அவரு யோசிச்சுக்கிட்டிருக்காரு. இந்த நேரத்துல ஒரு பேப்பர் பொம்மைக்காக..."

அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். நிறுத்தியது போதவில்லை. அந்த வார்த்தை கூடத்தில் விழுந்துவிட்டது.

அவன் கெட்டவன் இல்லை. ஊருக்கே நல்லவன். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பான். ஆனால் அவன் நல்ல பெயர் வாங்குவதெல்லாம் அடுத்தவர் பொருளில். அவளுடைய சைக்கிள் அவன் சித்தப்பா மகளிடம் போனது. அவளுடைய குடை பக்கத்து வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அவளுடைய விடுமுறை நாட்களை அவன் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பான்: "அவளுக்கு அன்னைக்கு லீவுதான், ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிட்டுப் போவா." போன வருஷக் கண்காட்சிக்கும் அவள் பெயர் கொடுத்திருந்தாள். அன்றைக்குத்தான் அவன் அக்கா வீடு மாறினாள், பாத்திரம் கட்ட ஆள் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் சொல்வது ஒரே வார்த்தை. நம்ம. நம்ம சைக்கிள், நம்ம குடை, நம்மதானே போகணும். அந்த வார்த்தைக்குள் அவள் எப்போதும் இருந்தாள். கொடுக்கும் நேரத்தில் மட்டும் அவளைக் கேட்கத் தேவையில்லை.

மறுநாள் அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் குளித்துவிட்டு, காகிதம் வைக்கும் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?" சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கணவன் கேட்டான்.

"உங்க கடைக்கு."

"ஏய், விளையாடாதே. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டா என் மூஞ்சியை நான் எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"அதையும் அவருக்கே கொடுத்துடுங்க."

அவன் பின்னாலேயே ஓடி வந்தான். பஸ்ஸில் அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, "நான் பேசிக்கறேன், நீ வாயைத் திறக்காதே, மெதுவா கேட்டு வாங்கிடறேன்" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

டைல்ஸ் கடையின் தெருப்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்தது. புதிதாக வந்த பளிங்கு மாதிரி டைல்ஸை மலைச்சரிவு போல அடுக்கி, அதன் மேல் அதை நிற்க வைத்து, உச்சியிலிருந்து ஒரு விளக்கை அதன் முதுகில் பாய்ச்சியிருந்தார்கள். விளக்கின் சூட்டில் ஒரு பக்கத்துச் செதில்கள் ஏற்கனவே விறைத்து விலகத் தொடங்கியிருந்தன. முன்னால் ஓர் அட்டை. 'எங்கள் புதிய வரவுக்காக எங்கள் நிறுவனத்தில் சிறப்பாக உருவாக்கப்பட்டது.'

அவள் அந்த வரியை நின்று படித்தாள். திரும்பவும் படித்தாள். கோபம் காலிலிருந்து ஏறியது. முகத்துக்கு வந்ததும் காது அடைத்துக்கொண்டது.

"அதை யாரு எழுதினது?" என்றாள்.

"நேத்து அவரோடவே வந்து வச்சுக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்," என்றான் கணவன். அவனுடைய கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

உள்ளே முதலாளி ஒரு கல்யாணமான இளம் ஜோடிக்கு மாதிரிப் பலகையைத் தானே காட்டிக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, சிரித்த முகம். அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். "வாம்மா, வா தங்கச்சி! இப்பத்தான் உன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். பார்த்தியா, உன் அனகோண்டாவை எங்க வச்சிருக்கேன்னு!"

"அது எறும்புத்தின்னிங்க."

"ஏதோ ஒண்ணு. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பார்க்கறான்."

"அதை நான் எடுத்துட்டுப் போக வந்திருக்கேன். எனக்குத் தெரியாம கொடுத்துட்டாரு. அது கண்காட்சிக்குப் போகவேண்டியது."

முதலாளியின் சிரிப்பு மறையவில்லை. அப்படியே உறைந்து நின்றது. கணவனைப் பார்த்தார். "என்னய்யா இது? நான் வேண்டாம்னுதானே சொன்னேன். நீதானே கையில திணிச்சே?"

"ஆமா சார். அவ சும்மா... கண்காட்சி முடிஞ்சதும் திரும்பக் கொண்டுவந்து வச்சுடலாம்னு..."

"திரும்பக் கொண்டுவர மாட்டேன்," என்றாள் அவள்.

"தங்கச்சி, ஒரு பொருளை வீட்டுக்கு வந்தவன்கிட்ட மனசாரக் கொடுத்துட்டு, அடுத்த நாளே வாசல்ல வந்து நின்னு கேக்கறது நல்லாவா இருக்கு?"

"கொடுத்தது நான் இல்லை. நான் உங்க தங்கச்சியும் இல்லை."

மாதிரிப் பலகையைப் பிடித்திருந்த இளம்பெண் தன் கணவனின் முழங்கையைத் தொட்டாள். கடைப்பையன்கள் டைல்ஸ் அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி குரலைத் தணித்தார். தணிந்த குரலில்தான் அவர் ஆட்களை வேலையை விட்டு அனுப்புவார் என்று கணவன் பல தடவை வீட்டில் சொல்லியிருக்கிறான். "நீயே சொல்லுய்யா. இது யாரோடது? நீ கொடுத்தது உன் பொருளா, இல்லையா? உன் பொருள் இல்லைன்னா இப்பவே கொடுத்துடறேன். அப்படின்னா, அடுத்தவங்க பொருளை எடுத்து எனக்குக் கொடுத்தேன்னு அர்த்தம். அப்படி ஒரு ஆளை நான் எந்தக் கிளைக்கு அனுப்பறது?"

எல்லோரும் கணவனைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அந்த நிமிஷத்திலும் அவளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. அவளுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளையாவது மண்ணாவது, இரண்டு பேரும் சேர்ந்து பஸ் ஏறிப் போய்விடலாம்.

அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். அவளைப் பார்க்காமல் டைல்ஸைப் பார்த்தான்.

"நம்மளோடதுதான் சார்," என்றான். "நம்ம வீட்டுது. வச்சுக்கங்க."

"அவ்வளவுதானே?" முதலாளி கையைத் தட்டிக்கொண்டார். "ஒரு காகிதத்துக்குப் போயி இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா? போம்மா, போ, இவருக்கு வேலை இருக்கு."

அவள் திரும்பி வாசலுக்குப் போகவில்லை. காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குட்டிக் கதவைத் திறந்து, டைல்ஸ் சரிவில் கை வைத்து எட்டி, எறும்புத்தின்னியை இரண்டு கையாலும் தூக்கினாள். ஒரு பையன் தடுக்க வந்தான். அவள் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றான். அதைக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மேஜையில் வைத்தாள்.

பிறகு அதைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

முதலில் வாலின் நுனி. அடுத்து பின்னங்கால்கள். ஒவ்வொரு நகத்தையும் உருட்டிய வரிசைக்கு நேரெதிராக உருட்டி அவிழ்த்தாள். எந்த மடிப்புக்குப் பின்னால் எந்த மடிப்பு ஒளிந்திருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உருவம் கலையாமல் நிற்க உள்ளே ஒன்றிரண்டு இடத்தில் பசைத் துளி வைத்திருந்தாள். அந்த இடங்கள் 'சர்' என்று கிழிந்தன. அந்தச் சத்தம் கேட்டபோது மட்டும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன பண்றே? ஏய், என்ன பண்றே நீ?" கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கையை எடு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை. அவன் கை தானாக விலகியது.

செதில்கள் வரிசை வரிசையாகப் படுத்தன. முதுகு தளர்ந்தது. மூக்கும் கழுத்தும் இருந்த இடம் வெறும் சுருக்கமாகி, சுருக்கம் அகன்று, காகிதம் மேஜையின் விளிம்பைத் தாண்டித் தொங்கும்வரை விரிந்துகொண்டே போனது. அவ்வளவு பெரிய தாள் அந்தக் கைக்கடங்கிய மிருகத்துக்குள் இருந்தது என்று பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் நம்ப முடியவில்லை. இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அக்கா, வேண்டாம்கா," என்றாள் மெதுவாக. அன்றைக்கு அந்தக் கடையில் அவளுக்காகப் பேசியது அந்த ஒரு குரல்தான்.

எல்லாம் பிரிந்ததும் அவள் உள்ளங்கையால் தாளைத் தேய்த்துப் படிய வைத்தாள். படியவில்லை. ஆயிரம் கோடுகளோடு விம்மிக்கொண்டு கிடந்தது.

"நீங்க சொன்னது சரிதான். இது ஒரு காகிதம்," என்றாள் முதலாளியிடம். குரலில் அழுகை இல்லை, கோபம்தான். "அவரு உங்களுக்குக் கொடுத்தது காகிதம். அதை வச்சுக்கங்க. மடிப்பு என்னோடது."

காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.  நன்றாகச் சொன்னோம் என்று இருந்த சூடு ஒரு தெருவைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு, கையால் செய்ததைக் கையாலேயே அழித்துவிட்டோம் என்பதுதான் மிஞ்சியது. முதலாளிக்கு என்ன நஷ்டம்? இன்னொரு பொம்மை வாங்கி வைப்பார். அவளைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் போகவில்லை. அதை நினைக்க நினைக்க முதலாளிமேல் வந்ததைவிட, கணவன்மேல் வந்ததைவிட, தன்மேலேயே கோபம் வந்தது. மதியம் ஆஸ்பத்திரியில், "மூச்சை விடலாமாம்மா?" என்று ஒரு பெரியவர் இயந்திரத்துக்கு முன்னால் திணறிக்கொண்டு கேட்ட பிறகுதான், விடச் சொல்ல மறந்தது அவளுக்கு உறைத்தது.

இடைவேளையில் கண்காட்சிக்காரம்மாவுக்கு போன் செய்து, வர முடியாது என்றாள்.

"போன தடவையும் கடைசி நேரத்துலதானேம்மா சொன்னீங்க," என்றாள் அந்தம்மா. "நீங்க அனுப்பின படத்தைப் பார்த்துட்டு நடு மேஜையை உங்களுக்குன்னு வச்சிருந்தோம். சரி, உங்களுக்கு வீட்டு வேலை அதிகம் போல."

"ஆமா," என்றாள் அவள். வேறென்ன சொல்வது?

கணவனுக்கு வேலை போகவில்லை. கிளைக்குத்தான் வேறு ஆளைப் போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவுக்கு மட்டும் பேசிக்கொண்டு திரிந்தார்கள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தவறு செய்தவள் அவள் என்பது போல இருந்தது அந்த முகம். கண்காட்சி நாள் வந்து போனது. அன்றைக்கு அவள் வேறொருத்தியின் முறையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாலை அவன் ஒரு நீளமான சுருளோடு வீட்டுக்கு வந்தான். முகத்தில் பழைய கலகலப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"பாரு, என்ன கொண்டுவந்திருக்கேன்னு." சாப்பாட்டு மேஜையில் விரித்தான். அதே தாள். ஓரத்தில் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்த வட்டக் கறை. "குடோன்ல கிடந்துச்சு. கேட்டு வாங்கிட்டேன். கோடெல்லாம் அப்படியே இருக்குல்ல? அதுமேலேயே மடிச்சா திரும்ப வந்துடாதா? நீ உக்காந்தா ரெண்டு நாள் வேலை."

அவள் தாளைப் பார்த்தாள். அவன் சமாதானத்துக்குத்தான் கொண்டுவந்திருந்தான். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் இன்னும் மேலே போனது.

"ரெண்டு நாள் வேலை," என்றாள்.

"தப்பா ஏதாவது சொல்லிட்டேனா? சாரி சொல்லணும்னா சொல்றேன். சாரி. போதுமா?"

"எதுக்கு சாரி?"

"எதுக்குன்னா... நீ வருத்தப்பட்டதுக்கு."

"நான் வருத்தப்படலை. நீ எதுக்கு சாரின்னு கேட்டேன். நீ என்ன பண்ணினே? அதைச் சொல்லு."

"இப்ப எதுக்கு நீ, வா, போன்னு..."

"சொல்லு."

அவன் மேஜையைக் குத்தினான். "கொடுத்துட்டேன்! கேக்காம கொடுத்துட்டேன், போதுமா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னோடது உன்னோடதுன்னு என்ன இருக்கு? நான் என்னைக்காவது என் பொருளைத் தொடாதேன்னு உன்கிட்ட சொல்லியிருக்கேனா?"

"உன் பொருளை நான் யாருக்காவது தூக்கிக் கொடுத்திருக்கேனா? உன் வண்டியை? உன் வாட்ச்சை? கடையில வச்சு அந்தாளு கேட்டாரு. அங்கயாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அவளோடதுன்னு. உன் வாயில வரலை. உனக்கு என்னைவிட அந்தாளோட சிரிப்பு பெருசு."

"கிளை போச்சு உன்னால! அது தெரியுமா உனக்கு?"

"போகட்டும். நம்ம கிளைதானே?"

 அறைக் கதவு திறந்து மாமனார் வந்தார். அவர் பணிமனையில் பஸ் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே காலம் தள்ளியவர். வீட்டில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை.

அவள் அவரையும் விடவில்லை. "நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க மாமா? அந்தாளு தூக்கிட்டுப் போறப்ப நீங்க இங்கதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை, மருமக வரட்டும்னு சொல்லக் கூடாதா?"

"இருந்தேன்மா," என்றார். "சொல்லியிருக்கணும். சொல்லலை." பிறகு மகன் பக்கம் திரும்பினார். அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. "என் ஸ்பேனர் பெட்டியை எவனுக்கோ தூக்கிக் கொடுத்தியே, ஞாபகம் இருக்காடா? அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு, அவருக்கு எதுக்குன்னு? நான் சேர்த்த சாமான்டா அது. ஒவ்வொண்ணும் என் கைக்குப் பழகினது. பெரிய மனுஷன் மாதிரி கொடுத்துட்டு வந்து என்கிட்டயே சிரிச்சே. நான் வாயை மூடிக்கிட்டேன், பையன் நாலு பேருக்கு நல்லவனா இருக்கட்டும்னு. நல்லவனாம் நல்லவன்! உன் கையில இருக்கறதை எடுத்துக் கொடுடா, உனக்குத் தைரியம் இருந்தா!"

கணவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.  ஸ்பேனர் பெட்டி என்று ஒன்று இருந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

அன்றைக்கு யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டார்கள். கோடு விழுந்த தாளை அவள் சுருட்டிக் குப்பைக்குக் கொண்டுபோனாள். போட்டாள். திரும்பி வந்தபோது கணவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவின் கோடியில் ஓர் இருட்டறை உண்டு. படச்சுருளைக் கழுவிக் காயவைத்த காலத்தில் அங்கேதான் எல்லா வேலையும். எல்லாம் கணினிக்கு மாறியபின் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது, காற்று வராது. நீளமான கல்மேடை மட்டும் அப்படியே இருந்தது. அவள் பிரிவுத் தலைவரிடம் போய் நின்றாள்.

"இருட்டறை சாவி வேணும் சார். வேலை முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரம்."

"அங்க என்னம்மா பண்ணப் போறீங்க?"

"காகிதம் மடிக்கப் போறேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மூச்சக்காவுக்கு என்ன ஆச்சு என்று நினைத்திருக்கலாம். "தீப்பெட்டி, கீப்பெட்டி கொண்டுபோகாதீங்க," என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

நாற்காலிகளை ஓரத்தில் அடுக்கி, மேடையைத் துடைத்து, ஒரு விளக்கை மாட்டினாள். வீட்டிலிருந்த தாள், பசை, இடுக்கி, கிளிப் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. காலியான வீட்டு அலமாரியின் மேல்தட்டில் மாமனார் தன் மருந்து டப்பாக்களை வைத்துக்கொண்டார். முதல் சில தாள்கள் வீணாயின. கோபம் விரலில் இருந்தது. கோட்டை அழுத்தும்போது தேவைக்கு மேல் அழுத்தி, மூலையில் காகிதம் வெடித்துவிடும். திட்டிக்கொண்டே கசக்கி எறிந்தாள். யாரைத் திட்டுகிறோம் என்று சில நேரம் அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அங்கே சத்தமாகத் திட்டலாம். அது ஒரு வசதி.

வீட்டில் வேலைகள் மெல்ல இடம் மாறின. அவள் நேரம் கழித்து வருவாள். அவன் வந்ததும் அடுப்பைப் பற்றவைப்பான். அவன் அக்கா போன் செய்து யாரையோ மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றபோது, "அவகிட்டயே கேட்டுக்கோக்கா, எனக்குத் தெரியாது" என்று அவன் சொன்னதை அவள் உள்ளறையிலிருந்து கேட்டாள். கேட்டு நெகிழ்ந்துவிடவில்லை. இது முன்னமே வாயில் வந்திருக்கக் கூடாதா என்றுதான் எரிந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் இருட்டறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"நான்தான்," என்றான் கணவன். "குடை கொண்டுவந்தேன்."

அவள் கையில் பாதி நிமிர்ந்த செதில் வரிசை இருந்தது. விட்டால் படுத்துவிடும்.

"உள்ள வரலாமா?"

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் எதற்கும் அனுமதி கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை. கேட்டுவிட்டான் என்பதற்காகக் கதவைத் திறக்க வேண்டுமா? நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் கோபம் அங்கேதான் இருந்தது. குறைந்திருந்தது, போகவில்லை.

"வேண்டாம்," என்றாள்.

 "சரி," என்றான். செருப்புச் சத்தம் நாலடி போய், நோயாளிகள் உட்காரும் பெஞ்சுப் பக்கம் நின்றது. பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ அவனிடம், "எக்ஸ்ரேக்கா சார்? டைம் முடிஞ்சுபோச்சே," என்றார்கள். "இல்லைங்க, வீட்டுக்காரம்மா உள்ள வேலையா இருக்காங்க," என்றான்.

அவள் இடுக்கியை எடுத்தாள். அடுத்த செதில் கொஞ்சம் கோணலாக வந்தது. வாய்க்குள் ஒரு வசவை முணுமுணுத்துவிட்டு, அதைப் பிரித்து மறுபடி மடித்தாள். வரிசை முடிகிறவரை அவன் காத்திருக்கட்டும்.